பன்னிரண்டு சில்லுகளும் ஒரு கையும்

கிட்ட வாருங்கள், கண்ணுகளே. காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். இன்றைக்குச் சொல்லப்போவது இன்னும் வராத காலத்துக் கதை. ராஜா இல்லை, பேய் இல்லை, ராக்கெட்டும் இல்லை. ஒரு விளையாட்டுச் சாமான், அதைச் செய்தவள், அதை வைத்து விளையாடிய பிள்ளைகள். அவ்வளவுதான். யார் செய்தது சரி என்று நடுவில் கேட்காதீர்கள். முடியும்போது நீங்களே சொல்லுங்கள்.

தூத்துக்குடிக் கரையிலிருந்து விசைப்படகில் கிழக்கே போனால் காற்றுத்துறை வரும். கடலுக்குள் ஊன்றிய இரும்புத் தூண்கள். தூண்களின் தலையில் காற்றாடிகள். காற்றாடிகளுக்குக் கீழே வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மெஸ், ஒரு சின்னக் கோவில். தூணுக்குத் தூண் பாலம். காற்றாடிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் குடும்பத்தோடு அங்கேயே இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மண்ணை மிதித்தது லீவுக்குக் கரைக்குப் போனபோதுதான்.

கடலில் நிற்கிற எதன் மேலும் கொட்டலசு ஒட்டும். சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டு இரும்போடு இறுகிப்போகிற சின்ன உயிர் அது. சுரண்டாமல் விட்டால் தூணுக்குப் பாரம், துருவும் பிடிக்கும். பெரிய தூண்களைப் பெரிய இயந்திரங்கள் சுரண்டின. படகு வந்து நிற்கிற துறையில் இருந்த குட்டித் தூண்களை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு நண்டு கொடுத்தார்கள்.

நண்டென்றால் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் இயந்திரம். காந்தக் கால். தூணில் பிடித்துக்கொண்டு ஏறும், இறங்கும், சுரண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு பலகை இருந்தது. பலகையோடு பன்னிரண்டு வகைச் சில்லுகள். பாண்டி ஆடுகிற சில்லு மாதிரி தட்டையாக, நிறம் நிறமாக. ஒன்றில் ‘இறங்கு’ என்றிருக்கும், ஒன்றில் ‘சுரண்டு’, ஒன்றில் ‘வலப்பக்கம் திரும்பு’, இன்னொன்றில் ‘பாடு’. பிள்ளைகள் சில்லுகளை வரிவரியாகப் பலகையில் அடுக்கினால் நண்டு அந்த வரிசையில் செய்யும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட நிறத்தைப் பார்த்து அடுக்கிவிடும்.

இந்தப் பலகையைச் செய்தவள் பெயர் எஸ்கலின். கரையில் ஒரு சின்ன ஆபீசில் அவளும் பெர்க்மான்ஸ் என்கிற மூத்தவரும் இன்னும் சிலரும் வேலை செய்தார்கள். முதலில் பலகையில் பதின்மூன்று வகைச் சில்லு இருந்தது. பதின்மூன்றாவதன் பெயர் ‘இருந்தால்’. கொட்டலசு இருந்தால் சுரண்டு, இல்லாவிட்டால் நகரு என்று நண்டுக்குச் சொல்ல அதுதான் வேண்டும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைகள் அந்தச் சில்லைக் கண்டால் அழுதார்கள். ஒரே சில்லுக்கு இரண்டு வழி என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. எஸ்கலின் யோசித்துப் பார்த்தாள். அழவைக்கிற சாமான் பிள்ளைகளுக்கு எதற்கு என்று அதை எடுத்துவிட்டாள்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். யார் ஓய்வு பெற்றாலும் மாலை, சால்வை, மிக்சர், காபி. பெர்க்மான்ஸ் அந்தச் சில்லுக்கும் அதைச் செய்தார். மேசை மேல் அதை நிறுத்தி, கைக்குட்டை அளவில் ஒரு சால்வை போர்த்தி, “அன்னார் நம்மோடு குறுகிய காலமே பணியாற்றினாலும்” என்று தொடங்கிப் பேசவும் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆபீஸ் சுவரில் ‘பன்னிரண்டு போதும்’ என்று எழுதி வைத்தார்கள். பலகை நன்றாக ஓடியது. கூட்டிக்கொண்டே போன மற்ற கம்பெனிகளின் பலகைகளில் நாற்பது, ஐம்பது சில்லு. பிள்ளைகள் அவற்றை அலமாரியில் போட்டுவிட்டு இதற்கு வந்தார்கள்.

ஒரு நாள் காற்றுத்துறையிலிருந்து படங்கள் வந்தன. ஒரு துறைத் தூண். கொட்டலசு ஒன்றுகூட இல்லை. தூணில் அங்கங்கே துருத்திக்கொண்டிருந்த போல்ட்டுகளில் கீறலும் இல்லை. நண்டு ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்து ஒதுங்கிப் போயிருக்கிறது.

பெர்க்மான்ஸ் காபி டம்ளரோடு வந்து நின்றார். “பாத்தியா எஸ்கலின்? பன்னிரண்டு போதும்னு நீ சொன்னப்ப சிரிச்சவனையெல்லாம் வரச் சொல்லு. வந்து பாக்கட்டும்.”

“அதாண்ணே எனக்கு இடிக்குது. போல்ட்டு இருக்கா இல்லையான்னு நண்டுக்கு யார் சொன்னா? அதைக் கேக்குற சில்லைத்தான் நாம எடுத்துட்டோமே.”

“பிள்ளைய கெட்டிக்காரப் பிள்ளைய. எத்தன அடியில போல்ட்டுன்னு அளந்து வச்சு அடுக்கியிருக்கும்.”

“எல்லாத் தூணுலயும் ஒரே எடத்துலயா போல்ட்டு இருக்கு? இதே அடுக்கை நாலு தூணுல ஓட்டியிருக்குதுவ.”

பிள்ளைகள் அடுக்கியதைப் பலகை தானாகவே கரைக்கு அனுப்பும். எஸ்கலின் அதே வரிசையில் சில்லுகளை அடுக்கி, ஆபீஸ் தொட்டியில் நின்ற தூணில் நண்டை விட்டாள். முதல் வரி ‘இறங்கிச் சுரண்டிக்கொண்டே இரு.’ நண்டு இறங்கியது, சுரண்டியது. போல்ட்டில் முட்டியது. முட்டிக்கொண்டே சுரண்டியது. இரண்டாவது வரிக்குப் போகவே இல்லை. போல்ட்டின் தலை தேய்ந்து பளபளத்தது.

“நண்டு கோளாறு,” என்றார் பெர்க்மான்ஸ்.

வேறு நண்டை விட்டார்கள். அதுவும் அங்கேயே நின்று சுரண்டியது.

“ஒரே அடுக்கு. அங்க ஓடுது, இங்க ஓட மாட்டேங்குது,” என்றாள் எஸ்கலின். “நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வாரேன்.”

மறுநாள் காலைப் படகில் போய் இறங்கினாள். துறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நடுவில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கிளைட்டன். பன்னிரண்டு வயது. அங்கே பலகையை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று சொல்கிறவன் அவன்தான்.

“ஏல, பலகை அக்கா வந்துட்டாவ!” என்று ஒரு பெண் கத்தினாள். அவள் ஜெனோவா. “அக்கா, எங்க நண்டப் பாக்கவா வந்திய? டிவிக்காரங்கள்லாம் எங்க? தனியாவா வந்திய?”

“தனியாத்தான். ஓட்டிக் காட்டுங்க பாப்போம்.”

கிளைட்டன் அடுக்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினான். நண்டு தூணைப் பிடித்து இறங்கித் துறையின் விளிம்புக்குக் கீழே மறைந்தது. கரகரவென்று சுரண்டுகிற சத்தம். சட்டென்று சத்தம் நின்றது. பலகையில் முதல் வரியின் விளக்கு அணைந்து இரண்டாவது எரிந்தது. எஸ்கலின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் தொடவில்லை. மூன்றாவது வரி. மறுபடி முதல் வரி.

அவள் எழுந்து போய்க் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தாள்.

அலைக்குச் சற்று மேலே, தூணைச் சுற்றிக் கம்பிவலைத் தட்டு ஒன்று இருந்தது. ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்ட ஒரு சிறுமி அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நண்டு போல்ட்டை நெருங்கியதும் அதன் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். நண்டு நின்றது. கையை எடுத்தாள். நண்டு திரும்பி ஒதுங்கியது.

“கீழ யாரு அது?”

“அதா? அது கை,” என்றான் கிளைட்டன்.

“கையா?”

“ஆமாக்கா. பேரு வடிவு. கரைக்காரி. அவிய அப்பா இங்க மெஸ்ஸுக்குச் சமைக்க வந்திருக்காவ, எட்டயபுரம் பக்கம். நீச்சல் தெரியாது. நண்டு தண்ணிக்குள்ள விழுந்தா எடுக்கத் தெரியாது. சும்மாதான இருக்கான்னு கைக்கு வச்சிருக்கோம்.”

“கை என்ன செய்யும்?”

அவளுக்கே தெரியாதா என்று அவன் பார்த்தான். “உங்க நண்டு கையைப் பாத்தா நின்னுரும்லாக்கா? கையை எடுத்தப்புறம் பழைய வரிக்குப் போகாது. அடுத்த வரிக்குத்தான் போவும். அப்ப போல்ட்டு வந்தா கை வையி, கொட்டலசு முடிஞ்சா கை வையின்னு அவகிட்ட சொல்லிட்டோம். நண்டுக்குக் கண்ணு இல்லன்னா என்ன, அவளுக்கு இருக்குல்லா?”

அந்த நிற்றலை வைத்தவள் எஸ்கலின்தான். ஒரு பிள்ளையின் விரலும் நசுங்கிவிடக் கூடாது என்று வைத்தது. நசுங்க இருந்த இடத்திலேயே மறுபடி தொடங்க வேண்டாம் என்றுதான் அடுத்த வரிக்குப் போகச் செய்திருந்தாள்.

“நீயே யோசிச்சுக் கண்டுபிடிச்சியா?”

“நான்தான்.”

“பொய்யிக்கா,” என்றாள் ஜெனோவா. “வடிவு தெரியாத்தனமா ஒரு நா கையை வச்சிட்டா. இவன் அவளை அடிக்கப் போனான். பாத்தா நண்டு போல்ட்ட விட்டு ஒதுங்கிப் போயிட்டு. அதுக்கப்புறம்தான் அடிக்காம விட்டான்.”

“நீ மூடு.”

“தினமும் அவளேதானா?” என்று கேட்டாள் எஸ்கலின். “அவளுக்குப் பலகை தர மாட்டீங்களா?”

“அவ பலகைல இருந்தா கீழ யாருக்கா இருப்பா?” என்றான் கிளைட்டன். அவனுக்கு அதில் பதில் சொல்ல வேண்டிய விஷயம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

எஸ்கலின் ஏணியில் இறங்கினாள். கம்பிவலைத் தட்டில் நாலைந்து பேர் உட்கார இடமிருந்தது. அலை வந்து மோதும்போதெல்லாம் வலை வழியாக நீர் தெறித்தது. வடிவின் பாவாடை ஓரம் உப்புப் பூத்துக் கிடந்தது.

“நான்தான் இந்தப் பலகையைச் செஞ்சவ,” என்றாள் எஸ்கலின்.

“தெரியும்க்கா. கொஞ்சம் தள்ளி இருங்க. நண்டு வருது.” கையை நீட்டினாள், எடுத்தாள். நண்டு போய்விட்டது. “ம், இப்பச் சொல்லுங்க.”

“பயமா இல்லையா? கை நசுங்கிருமோன்னு?”

“நசுங்காதுன்னு நீங்கதான பெட்டி மேல எழுதியிருக்கீங்க? பொய்யா எழுதினீங்க?”

“இல்ல, இல்ல. நெசந்தான்.”

“பெறகென்ன?”

“காலையிலேர்ந்து இங்கேயே இருக்கியே. மேல வந்து நீயும் அடுக்க வேண்டாமா?”

வடிவு தூணைப் பார்த்தபடியே சொன்னாள். “கூப்பிடுதாங்க, வாரேன். மேல போனா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது.”

எஸ்கலின் அன்று மாலையே திரும்பிவிட்டாள். ஒரு சில்லை எடுத்தோம், அந்த இடத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டார்கள். படகில் இதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பலகை எளிமையாகத்தான் இருந்தது. பாரம் எங்கேயும் போய்விடவில்லை. கீழே கம்பிவலையில் உட்கார்ந்திருந்தது.

“பழைய சில்லைத் திரும்பக் கொண்டு வரணும்ணே,” என்றாள் ஆபீசில்.

பெர்க்மான்ஸ் சுவரைக் காட்டினார். “அதை அழிக்கணுமா?”

“வேண்டாம். பன்னிரண்டு பன்னிரண்டாவே இருக்கட்டும். ஒண்ணு வந்தா ஒண்ணு போகும். ‘பாடு’வை எடுத்துருவோம். வேலைக்கு ஒதவாதது அது ஒண்ணுதான்.”

“ஏட்டி, சின்னஞ்சிறுசு அதுக்குத்தான் நண்டைத் தூக்குது!”

“தெரியும்ணே. ஆனா ஒரு பிள்ளை அங்க நண்டுக்கு உறுப்பா உக்காந்திருக்கு.”

பெர்க்மான்ஸ் ‘பாடு’ சில்லை எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு, “செய்யி. இந்தத் தடவ நான் சால்வை வாங்கித் தர மாட்டேன்,” என்றார்.

புதுச் சில்லைப் பிள்ளைகள் மேல் திணிப்பதில்லை என்பது எஸ்கலின் வைத்த சட்டம். கொஞ்ச நாள் விளையாடிப் பார்த்துவிட்டு அவர்களே வேண்டும், வேண்டாம் சொல்ல வேண்டும். அப்படித்தான் ‘இருந்தால்’ காற்றுத்துறைக்குப் போயிற்று. வடிவுக்கென்று தனியாக ஒரு பலகையும் கூடவே போயிற்று, மூடி ஒட்டின பெட்டியோடு.

கிளைட்டனுக்கு அந்தச் சில்லு முதல் நாளே வசப்பட்டுவிட்டது. கெட்டிக்காரன்தான். போல்ட்டு இருந்தால் திரும்பு, கொட்டலசு இருந்தால் சுரண்டு. நண்டு தானே பார்த்து, தானே ஒதுங்கியது. கீழே யாரும் வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாளில் மேலேயும் யாரும் வேண்டியிருக்கவில்லை. அவன், அவன் பலகை, அவன் தூண். மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு முறை அடுக்கிப் பார்த்து, ஒரே சில்லுக்கு இரண்டு வழி என்பதில் சிக்கி, எழுந்து போனார்கள். மிக்கேல் என்கிற சின்னவன் நண்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கி, “பாடு, பாடு” என்று அழுதான். தூண்கள் மட்டும் சுத்தமாக இருந்தன.

தீர்ப்பு நாளுக்கு எஸ்கலின் வந்தாள். வேண்டும் என்பவர்கள் துறையின் இடப்பக்கக் கைப்பிடியில், வேண்டாம் என்பவர்கள் வலப்பக்கத்தில் நிற்க வேண்டும். கிளைட்டன் இடப்பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் எல்லோரும் வலப்பக்கம் போனார்கள். மிக்கேலை ஜெனோவா தூக்கிக்கொண்டு போனாள்.

வடிவு மெஸ் வாசலிலிருந்து கடைசியாக வந்தாள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

எஸ்கலின் அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போனாள். “உனக்காகத்தானம்மா அந்தச் சில்லு வந்துச்சு. அது வேண்டாம்னு நீயே போய் நிக்கிறியே.”

“நல்ல சில்லுதான்க்கா.”

“அப்புறம்?”

“முன்னாடி விடிஞ்சா மெஸ் வாசல்ல வந்து நிப்பாங்க. ‘ஏ கை, வாட்டி’ன்னு. தோசைய வாயில வச்சுக்கிட்டே ஓடுவேன். இப்ப யாரும் வரல.”

“கைன்னா கூப்பிடுறது? அவங்க உன்னை வேலை வாங்கத்தானே கூப்பிட்டாங்க?”

“ஆமா. இப்ப அதுக்கும் கூப்பிடலையே.” வடிவு கொஞ்சம் சிரித்தாள். “நீங்க குடுத்த பெட்டி அப்படியே இருக்குக்கா. தனியா என்னத்த அடுக்க? சுரண்டுனா யாருக்குக் காட்ட?”

சட்டம் அவளுடையது. ‘இருந்தால்’ சில்லுகளை எண்ணிப் பையில் போட்டாள். ‘பாடு’ திரும்பி வரும் என்று மிக்கேலிடம் சொன்னாள். படகு ஏறினாள்.

சில்லு இருந்தால் வடிவு தனியாகக் கிடப்பாள். இல்லாவிட்டால் கம்பிவலையில் கிடப்பாள். கூட்டினாலும் அவள் தலையில் விழுகிறது, குறைத்தாலும் அவள் தலையில் விழுகிறது. தூத்துக்குடி வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரிகிறவரை எஸ்கலின் இதையே முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து பெர்க்மான்ஸிடம் சொன்னாள். “சில்லு எதுவும் கூட்டல. எதையும் குறைக்கல. நண்டை மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.”

“என்ன மாத்தின?”

“யார் கையை நீட்டினாலும் நிக்கும். அதுல மாத்தம் இல்ல. ஆனா ஒரு ஓட்டத்துல ஒரு கைக்கு ஒரு தடவைதான் வரி மாறும். உள்ளங்கை ரேகையைப் பாத்து வச்சிக்கிடும். அதே கை திரும்ப வந்தா நிக்கும், அவ்வளவுதான். கையை எடுத்தா பழைய வரியையே செய்யும். ஓட்டம் முடிஞ்சதும் மறந்துரும்.”

பெர்க்மான்ஸ் டம்ளரைக் கீழே வைத்தார். “இது வசதியா, கோளாறா?”

“தெரியலண்ணே.”

“பெட்டி மேல என்னன்னு போடுறது? ‘எங்கள் நண்டுக்கு ஒரே கை பிடிக்காது’ன்னா?”

“ஒண்ணும் போட வேண்டாம். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.”

“திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

அந்த நண்டை அவளே கொண்டுபோனாள். துறையில் பழையபடி கூட்டம். மிக்கேல் எடுத்துக்கொண்டுபோன பழைய நண்டு எங்கேயோ பாடிக்கொண்டிருந்தது. “நண்டு கொஞ்சம் மாறியிருக்கு, ஓட்டிப் பாருங்க,” என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. கிளைட்டன் பலகையை மடியில் வைத்தான். “ஏ கை, எறங்குட்டி.” வடிவு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

முதல் போல்ட்டு. கை. வரி மாறியது. இரண்டாவது போல்ட்டு. கை. நண்டு நின்றது, மறுபடி போல்ட்டையே சுரண்டியது.

“கையை ஒழுங்கா வையிட்டி!”

“வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். இது என்னைய வேண்டாங்குது!”

“பொய் சொல்லாத.”

“நீ வந்து வச்சுப் பாரு!”

ஜெனோவா முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். அவள் கை வைத்ததும் வரி மாறியது. “ஏ, என் கைய ஏத்துக்கிட்டுல!” என்று கத்தினாள். அடுத்த போல்ட்டுக்கு அவள் கையும் செல்லவில்லை. டெனிஸ் என்கிறவன் இறங்கினான். அவன் எட்டிப் பார்ப்பதற்குள் நண்டு போல்ட்டில் முட்டி அதன் பெயின்டைச் சுரண்டிவிட்டது. மேலே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். கீழே இருந்தவன், “எப்ப வைக்கணும்னே தெரியல, ஒரு நொடிதான் இருக்கு,” என்று பதிலுக்குக் கத்தினான். வடிவு ஏணியில் நின்றபடி, “சத்தம் கம்மிக் கொறையும்போது வையி, கண்ணால பாத்து வச்சா பிந்திரும்,” என்றாள். திரும்ப முதலிலிருந்து ஓட்டினார்கள்; வடிவு முதல் கையை வைத்துவிட்டு மேலே ஏறினாள், அவன் இந்தத் தடவை சரியாக வைத்தான்.

இப்படி ஒவ்வொருவராகக் கீழே போய்த் தீர்ந்து, மேலே கிளைட்டனும் வடிவும் எஸ்கலினும் மட்டும் நின்றார்கள். தூணில் இன்னும் ஒரு போல்ட்டு பாக்கி.

“கிளைட்டன், நீதான்ல பாக்கி!” என்று கீழேயிருந்து நாலைந்து குரல்.

அவன் எஸ்கலினைப் பார்த்தான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையை வடிவின் கையில் கொடுத்தான். “தொடாம வச்சிரு, என்னா?”

“ம்.”

அவன் ஏணியில் பாதி இறங்குவதற்குள் அவள் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, ஒரு சில்லை எடுத்து வேறு இடத்தில் போட்டாள்.

ஓட்டம் முடிந்தபோது கிளைட்டன் மேலே வரவில்லை. கம்பிவலையில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தான். “இன்னொரு வாட்டி ஓட்டுங்கல. நான் இங்ஙனயே இருக்கேன். நண்டு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிது பாரு, அடேயப்பா!” என்றான்.

“எல,” என்றாள் ஜெனோவா ஏணியிலிருந்து, “இம்புட்டு நாளும் அந்தக் கரைக்காரிதான் இதப் பாத்துட்டு இருந்திருக்கா. நமக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு.”

“நீங்க கேக்கல,” என்றாள் வடிவு மேலேயிருந்து.

அவள் புதிதாக அடுக்க ஆரம்பித்திருந்தாள். கிளைட்டன் அடுக்கியது ஒரு தூணுக்கு. இவள் அடுக்கியது ஒரு தூணில் இறங்கி, நீருக்குச் சற்று மேலே போகிற குறுக்குச் சட்டத்தில் நடந்து, அடுத்த தூணில் ஏறி வர. போல்ட்டுகள் எங்கே என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. அடுக்கி முடித்துத் தலையை நிமிர்த்தினாள். “ஜெனோவா, முதத் தட்டு. கிளைட்டன், நீ நடுச் சட்டத்துல. டெனிஸ், அடுத்த தூணு. மிக்கேல, நீ ஏணிக்குப் பக்கத்துலயே நில்லு, தண்ணிக்கிட்டப் போவாத.” ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, இடம் சொல்லி அனுப்பினாள். அவர்களும் போனார்கள். யார் முதலில் என்று கிளைட்டனுக்கும் டெனிஸுக்கும் சட்டத்தில் ஒரு தள்ளுமுள்ளு வேறு.

பொத்தானை அமுக்கினாள். நண்டு இறங்கியது.

ஒவ்வொரு கையாகச் செலவாகிக்கொண்டே வந்தது. மிக்கேலின் கையும் முடிந்தது. பலகையில் கடைசிக்கு முந்தின வரி எரிந்துகொண்டிருந்தது. அடுத்த தூணின் தட்டுக்கு நேரே ஒரு போல்ட்டு மிச்சம்.

“கை தீந்து போச்சு வடிவு!” என்று கிளைட்டன் கத்தினான். “நீயே எறங்கு!”

“நான் பலகைல இருக்கேன்ல,” என்றாள் வடிவு.

அவள் சுற்றிப் பார்த்தாள். பிறகு கைப்பிடியோரம் நின்றிருந்த எஸ்கலினைப் பார்த்தாள்.

“எஸ்கலின் அக்கா.”

“என்னம்மா?”

“உங்க கை சும்மாதான இருக்கு? எறங்குங்க.”

எஸ்கலின் செருப்பைக் கழற்றினாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தூணின் ஏணியில் இறங்கிக் கம்பிவலையில் உட்கார்ந்தாள். அலை வந்து மடியை நனைத்தது. அங்கிருந்து பலகை தெரியவில்லை. எந்த வரி எரிகிறது, நண்டு எவ்வளவு தூரத்தில் வருகிறது, எதுவும் தெரியவில்லை. தூணின் மறுபக்கத்தில் கரகரவென்று சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு நாளும் தான் செய்த சாமானை அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

“வடிவு, எப்பம்மா வரும்?”

“வரும்க்கா. இருங்க.”

எஸ்கலின் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவ்வளவுதான் கதை, கண்ணுகளே. பார்த்து எழுந்திருங்கள், கால் மரத்துப்போயிருக்கும். உங்கள் வீட்டு வாசலில் விடிந்ததும் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட நாலு பிள்ளைகள் வந்து நிற்கட்டும். அந்த நாலு பேருக்கும் சேர்த்து வார்க்க உங்கள் வீட்டில் என்றும் மாவு இருக்கட்டும். உங்கள் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் கை ஒருவருக்கு உதவ, நெடுங்காலம் நன்றாக இருக்கட்டும்.